வெள்ளுடை மனிதர்

செஞ்சிலுவைச் சங்கத்தை அறியாதார் நம்மில் இலர். அதற்கு வித்திட்ட ஹென்றி டுனாண்டின் வாழ்வை அறிந்தாரோ மிகச் சிலர். பெரியோர் வரலாறுகள் பெரும்பாலும் வெற்றிப் படிகளில் ஏறிச் செல்லும். இவர் வரலாறு அப்படிப்பட்டதன்று. அதனாலேயே அதை எழுத விழைந்தேன்.

1828ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் ஜெனீவா நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்தார் டுனாண்ட். வளர்ந்து வணிகரானார். அல்ஜீரியாவில் அவர் தொடங்கிய மாவு ஆலைத் தொழிலுக்கு நிலமும் நீரும் வேண்டியிருந்தன. அங்கிருந்த பிரெஞ்சு அதிகாரிகள் இழுத்தடிக்கவே, பேரரசர் மூன்றாம் நெப்போலியனிடமே முறையிடப் புறப்பட்டார். பேரரசரோ அப்போது வட இத்தாலியில் ஆஸ்திரியரோடு பொருதுகொண்டிருந்தார்.

1859 ஜூன் 24 அன்று சால்ஃபெரினோவில் பெரும்போர் நடந்தது. மாண்டோர், காயமுற்றோர், காணாமற்போனோர் என இரு தரப்பிலும் ஏறத்தாழ 40,000 பேர். அன்று மாலை அருகிலிருந்த காஸ்டிலியோனே என்னும் சிற்றூரை அடைந்தார் டுனாண்ட். தேவாலயங்களிலும் தெருக்களிலும் குற்றுயிராய்க் கிடந்தனர் வீரர்கள். மருத்துவரோ விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே.

வந்த வேலையை மறந்தார் வணிகர். ஊர்ப் பெண்களைத் திரட்டினார், புண் கழுவினார், தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்தார், சாகும் தறுவாயில் இருந்தோர் வீட்டுக்குச் சொல்லி அனுப்பியதைக் கேட்டுக்கொண்டார். சிறைப்பட்டிருந்த ஆஸ்திரிய மருத்துவர்களை விடுவிக்கச் செய்து அப்பணியில் சேர்த்தார். நண்பன், பகைவன் என்ற பேதம் அங்கே இல்லை. வெள்ளுடை அணிந்திருந்த அவரை வீரர்கள் அவ்வுடையைச் சொல்லியே குறித்தார்கள்.

கண்டதை நூலாக்கி, 1862இல் தம் செலவிலேயே 1,600 படிகள் அச்சிட்டார். காயமுற்றோரைக் காக்கும் தொண்டர் சங்கங்கள் அமைதிக் காலத்திலேயே அமைய வேண்டும். அவர்களைத் தாக்காதிருக்க நாடுகள் உடன்பட வேண்டும். இவ்விரண்டுமே அவர் கேட்டவை. 1863இல் ஜெனீவாவில் ஐவர் குழு கூடியது. 1864 ஆகஸ்ட் 22இல் 12 நாடுகள் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டன. வெண்களத்தில் செஞ்சிலுவை காப்புச் சின்னமாயிற்று. அது மருத்துவத் தொழிலின் அடையாளம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் அது, இங்கே சுடாதே என்று படைகளுக்குச் சொல்லும் குறி.

பிறகு வந்தது வீழ்ச்சி. கவனிப்பாரற்ற தொழில் 1867இல் நொடித்தது. கடனாளியான அவரை ஜெனீவா ஒதுக்கியது. தாம் தோற்றுவித்த குழுவிலும் இடமில்லாது போயிற்று. பாரிசில் பசியோடு அலைந்தார். நைந்த கோட்டின் வெளுத்த இடங்களில் மை தடவிக்கொண்டதாக அவரே எழுதிவைத்திருக்கிறார். உலகமெங்கும் சங்கம் வளர்ந்தது; நிறுவியவரை உலகம் மறந்தது.

1892 முதல் ஹைடன் என்னும் சுவிஸ் மலையூரின் மருத்துவமனையில் ஓர் அறையே அவர் உலகம். 1895இல் பத்திரிகையாளர் ஒருவர் அவரைக் கண்டறிந்து எழுதினார். 1901இல் முதல் அமைதி நோபல் பரிசு அவருக்கும் பிரெடரிக் பாசிக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அப்பணத்தை அவர் தமக்கெனச் செலவிடவில்லை. ஹைடன் மருத்துவமனையில் ஏழை நோயாளிக்கென ஓர் இலவசப் படுக்கைக்கும் தம் உயிலில் வழி செய்துவிட்டு, 1910 அக்டோபர் 30இல் மறைந்தார்.

டுனாண்ட் மருத்துவர் அல்லர், படைவீரர் அல்லர், அதிகாரியும் அல்லர். வேறு வேலையாக வந்த வழிப்போக்கர். பட்டம் பெற வந்த நாம், பிறர் துயர் நம் வேலையன்று என்று ஒதுங்க முற்படும்போது அவரை எண்ணிக்கொள்ளலாம். கடன் அவருடைய செல்வத்தையும் பெயரையும் கொண்டுபோயிற்று. காஸ்டிலியோனேயில் அவர் ஊட்டிய ஒரு வாய்த் தண்ணீரை மட்டும் எந்தக் கடன்காரனாலும் பறிமுதல் செய்ய முடியவில்லை.