சினிமா ராணி டி.பி.ராஜலட்சுமி

தமிழ்த் திரையில் முதன்முதலில் பேசிப் பாடிய கதாநாயகி யார் தெரியுமா, குழந்தைகளே? அவர்தான் டி.பி.ராஜலட்சுமி.

காவிரிக் கரையில் உள்ள திருவையாறில் 1911-ம் ஆண்டு பிறந்தார். அந்தக் காலத்தில் விளையாடும் வயதிலேயே பெண்களுக்குத் திருமணம் செய்துவிடுவார்கள். ராஜலட்சுமிக்கும் அப்படித்தான் நடந்தது. ஆனால், அந்த வாழ்க்கை நிலைக்கவில்லை. பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தார். தந்தையும் இறந்துபோக, குடும்பம் வறுமையில் தவித்தது.

ராஜலட்சுமிக்கு நன்றாகப் பாட வரும். அதை நம்பி நாடகத்தில் சேர முடிவு செய்தார். அப்போது பெரும்பாலும் பெண் வேடத்தையும் ஆண்களே போட்டார்கள். மேடை ஏறும் பெண்ணை ஊர் மதிக்காது. ஆனாலும் அம்மா துணை நின்றார். சாமண்ணா நாடகக் குழுவில் சேர்ந்த ராஜலட்சுமி, விரைவிலேயே புகழ்பெற்றார். மேடையில் தேசபக்திப் பாடல்களைத் துணிச்சலுடன் பாடியதால் ஆங்கில அரசின் கோபத்துக்கும் ஆளானார்.

பிறகு, ஊமைப் படங்களில் நடித்தார். 1931-ல் 'காளிதாஸ்' என்ற பேசும் படத்தில் இளவரசியாக நடிக்கும் வாய்ப்பு வந்தது. எச்.எம்.ரெட்டி இயக்கிய அந்தப் படம் பம்பாயில் தயாரானது. பின்னணிப் பாடகர்கள் இல்லாத காலம் அது. கேமரா முன்னால் நடித்துக்கொண்டே பாட வேண்டும்! இன்னொரு வேடிக்கை என்ன தெரியுமா? கதாநாயகி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பதில் சொல்வார். பழங்காலக் கவிஞரின் கதையில், காந்தியடிகளின் ராட்டையைப் போற்றும் பாட்டு ஒன்றும் உண்டு. அதைப் பாடியவரும் ராஜலட்சுமிதான்.

1931 அக்டோபர் 31-ல் சென்னை கினிமா சென்ட்ரல் தியேட்டரில் படம் வெளியானது. தமிழ் பேசும் படத்தைப் பார்க்க மக்கள் திரண்டனர். 'சினிமா ராணி' என்று ராஜலட்சுமியைக் கொண்டாடினர்.

நடித்தது போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. தானே எழுதிய நாவலை, 1936-ல் 'மிஸ் கமலா' என்ற படமாக எடுத்தார். கதை, தயாரிப்பு, இயக்கம், நடிப்பு எல்லாம் அவரே! புராணக் கதைகளே அதிகம் வந்த காலத்தில் சமூகக் கதையைத் தேர்ந்தெடுத்தார். இப்படித் தமிழ் சினிமாவின் முதல் பெண் இயக்குநர் ஆனார்.

1964-ம் ஆண்டு ராஜலட்சுமி மறைந்தார். 'காளிதாஸ்', 'மிஸ் கமலா' இரண்டு படங்களின் பிரதிகளுமே நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால், அவர் போட்ட பாதை அழியவில்லை. இனி ஒரு தமிழ்ப் படத்தில் இயக்குநராக ஒரு பெண்ணின் பெயர் வரும்போது, திருவையாற்றுச் சிறுமியையும் நினைத்துக்கொள்ளுங்கள்!