மேரி வார்டு அம்மையார்



லொரேட்டோ கன்னியர்களைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கல்கத்தா அன்னை தெரேசம்மாள் முதலில் சேர்ந்தது அந்தச் சபையில்தான். அதற்கு வித்திட்ட மேரி வார்டு அம்மையாரின் சரித்திரத்தை இவ்வாரம் அறிந்துகொள்வோம்.

மேரி வார்டு 1585-ம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்து யார்க்‌ஷயரில் பிறந்தார். அது வேத கலாபனைக் காலம். குருவானவருக்கு வீட்டில் இடங்கொடுப்பதே பெருங்குற்றம். கத்தோலிக்கப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஏது? 1606-ல் கடல் கடந்து சேன் ஓமேர் நகரை அடைந்து, ஏழை கிளாரா மடத்துக்காக ஊர் ஊராய்ப் பிச்சை எடுத்தார். பின்னர், தம் சீதனப் பணத்தைக் கொண்டு ஆங்கிலக் கன்னியருக்கு ஒரு மடம் எழுப்பினார். ஆனால் சர்வேசுரன் தம்மை வேறு வேலைக்கு அழைப்பதை உணர்ந்து, தோழியரோடு அந்நகரிலேயே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார்.

1618-ல் ஐரோப்பாவில் முப்பதாண்டு யுத்தம் மூண்டது. சேனைகள் நடமாடிய அந்நாளிலும் அம்மையார் ரோமை, நேப்பிள்ஸ், மூனிக், வியன்னா என்று பள்ளிகளைத் திறந்தார். எழுத்து, வாசிப்பு, தையல் மட்டுமல்ல, ஆண்பிள்ளைகள் கற்ற லத்தீனும் அங்கே கற்பிக்கப்பட்டது.

நல்ல மனது இருந்தும் பணம் இல்லாமல் அவர் பட்ட பாடு பெரிது. லியேஜ் மடம் கடனில் மூழ்கியது. மூனிக் நகரிலோ பவேரியா அரசர் மாக்சிமிலியன் 1627-ல் வீடும் கொடுத்து, ஆண்டுதோறும் செலவுக்குப் பணமும் ஏற்படுத்தினார்.

கன்னியர் மடத்துச் சுவருக்குள் அடைபட்டிராமல் வெளியே சென்று கற்பிப்பது அக்காலத்தில் பலருக்குப் பொறுக்கவில்லை. 1631-ல் எட்டாம் உர்பான் பாப்பானவர் அச்சபையைக் கலைத்தார். அம்மையார் பதிதை என்று சிறை வைக்கப்பட்டார். எலுமிச்சைச் சாற்றால் எழுதிய கடிதங்களால் தோழியருக்குத் தைரியம் சொன்னார். நெருப்பில் காட்டினால்தான் அவ்வெழுத்து தெரியும். ஆயினும் திருச்சபைக்குக் கீழ்ப்படிந்தார். பாப்பானவரே அவரை விடுவித்தார். பள்ளிகள் மூடப்பட்டன, அரசரின் உதவி நின்றுபோகாத மூனிக் வீடு மட்டும் நிலைத்தது. அங்கிருந்தே சபை மறுபடி தழைத்தது.

தாய்நாடு திரும்பிய அம்மையார், உள்நாட்டு யுத்தத்தின் நடுவே, 1645-ல் யார்க் நகரருகே மரித்தார். 1877-ல் அவர் சபை முழு அங்கீகாரம் பெற்றது. 2009-ல் அவர் வணக்கத்துக்குரியவர் என அறிவிக்கப்பட்டார்.

அச்சபையின் ஐரிஷ் கிளையான லொரேட்டோ கன்னியர் 1841-ல் கல்கத்தா வந்தனர். 1946 ஆகஸ்டில் அங்கே கலகம் மூண்டபோது, என்டாலி பள்ளித் தலைமையாசிரியையான தெரேசம்மாள், விடுதியில் பசித்திருந்த முந்நூறு பெண்பிள்ளைகளுக்காகத் தனியே தெருவில் இறங்கி அரிசி தேடினார். வழிமறித்த படைவீரரே அரிசி மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள்.

பெற்றோரே, நம் கம்பைநல்லூரில் யுத்தமில்லை. ஆனால் மழை பொய்த்தாலும் கடன் நெருக்கினாலும் முதலில் நிற்பது எந்தப் பிள்ளையின் படிப்பு என்று உங்களுக்கே தெரியும். நல்ல காலத்தில் கொடுப்பவர் அநேகர். கஷ்ட காலத்திலும் நிறுத்தாமல் கொடுத்தவரால் ஒரு வீடு பிழைத்தது. வசதியுள்ள குடும்பங்கள், பத்தாம் வகுப்போடு நிற்கவிருக்கும் ஒரு பெண்ணுக்காக மாதந்தோறும் சிறிது எடுத்துவைக்கலாகாதா? யோசியுங்கள்.