தமிழைக் கேட்டுப் பெற்றவர்

நாள்தோறும் காலையில் தாம்பரத்தில் மின்சார ரயிலைப் பிடித்து நம் கல்லூரிக்கு வருகிறவர்களுள் நானும் ஒருவன். நிலையத்துக்கு வரும் வழியில் மரங்கள் அடர்ந்த ஒரு நெடிய மதிற்சுவரைக் கடந்து வருவேன். அது சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் சுவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான்தான். ஆகவே பள்ளி நாட்களில், அச்சுவருக்கு அப்பால் படிப்பவர்கள் வேறோர் உலகத்து மனிதர்கள் என்றே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றியவர், அக்கல்லூரியில் பயின்று, அங்கேயே ஆசிரியராகி, முப்பத்து மூன்றாம் வயதில் மறைந்த பரிதிமாற் கலைஞர்.

1870-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6-ஆம் நாள், மதுரையை அடுத்த விளாச்சேரியில் கோவிந்த சிவனாருக்கும் இலட்சுமி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சூரியநாராயணன். தந்தையாரிடம் வடமொழியும், மதுரை சபாபதி முதலியாரிடம் தமிழும் கற்றார். பின்னர்ச் சென்னைக்கு வந்து கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்தார். அந்நாளில் அக்கல்லூரி தாம்பரத்தில் இல்லை. உயர்நீதிமன்றத்துக்கு எதிரே ஜார்ஜ் டவுனில் இருந்தது. 1837-இல் ஒரு சிறு பள்ளியாகத் தொடங்கிய அந்நிறுவனம், நூறு ஆண்டுகள் கழித்து 1937-இல்தான் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது.

அன்றைய முதல்வர் வில்லியம் மில்லர், ஸ்காட்லாந்திலிருந்து 1862-இல் வந்தவர். மணம் புரியாமல் கல்லூரியையே தம் குடும்பமாகக் கொண்டவர். ஒரு நாள் வகுப்பில் டென்னிசனின் பாடலை நடத்தும்போது, படகை அன்னத்துக்கு ஒப்பிட்ட உவமையை வியந்து, தமிழில் இப்படி உண்டா என்று அவர் கேட்டாராம். மாணவர் சூரியநாராயணன் எழுந்து, குகன் செலுத்திய ஓடம் அன்னம்போல் சென்றதைக் கம்பர் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பாடியிருப்பதை எடுத்துரைத்தாராம். ஆசிரியர் சினக்கவில்லை, மகிழ்ந்தார் என்று சொல்வார்கள். மதமும் நாடும் வேறான அவ்விருவரையும் இறுதிவரை பிணைத்தது இந்த மதிப்புத்தான்.

1892-இல் பி.ஏ. தேர்வில் தத்துவத்திலும் தமிழிலும் முதன்மை பெற்றுத் தேறினார். மில்லர் அவருக்குத் தத்துவ ஆசிரியர் பணியைத் தர முன்வந்தார். அவரோ தமிழாசிரியர் பணியைக் கேட்டார். அக்காலத்தில் கல்லூரிகளில் தமிழாசிரியருக்கு மற்றவர்களைவிட ஊதியமும் குறைவு, மதிப்பும் குறைவு. அது தெரிந்தே கேட்டார், 1893-இல் பெற்றார். பின்னர்த் தமிழ்த்துறைக்குத் தலைமையும் ஏற்றார்.

இந்த இடத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து விண்ணப்பம் எழுதிய நாள் நினைவுக்கு வந்தது. என் விருப்பம் தமிழ் இலக்கியம். தமிழ் படித்தால் யார் வேலை தருவார்கள் என்று மாமா கேட்டார். கொத்தனார் வேலை செய்யும் என் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. காரை படிந்த தம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேதியியல் என்று எழுதினேன்.

தமிழைக் கேட்டு வாங்கியவர் அதைச் சும்மா வைத்திருக்கவில்லை. ஆங்கிலக் கல்வியில் கண்ட புதுமைகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். ரூபாவதி, கலாவதி, மானவிஜயம் ஆகிய நாடகங்களை எழுதினார். நாடகத்துக்கு இலக்கணமாக நாடகவியலையும் செய்தார். பதினான்கடிப் பாடல்களைத் தனிப்பாசுரத் தொகையாக வெளியிட்டபோது, தம் பெயரை நோக்காமல் நூலை மட்டும் நோக்கிக் கற்றோர் கருத்துரைக்க வேண்டும் என்று பரிதிமாற் கலைஞன் எனத் தனித்தமிழ்ப் பெயர் சூட்டிக்கொண்டார். அப்பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் ஜி.யு. போப். தமிழ்மேல் ஆர்வம் கொண்டு தம்மை நாடி வந்தவர்களை இயற்றமிழ் மாணவர் என்று அழைத்து, வகுப்புக்கு வெளியிலும் கற்பித்தார்.

கல்லூரி அவருக்கு ஒரு தோழரையும் தந்தது. அங்கே ஆங்கிலம் கற்பித்த மு.சி. பூரணலிங்கம் பிள்ளையுடன் சேர்ந்து ஞானபோதினி இதழை நடத்தினார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கும் முயற்சி எழுந்தபோது இருவரும் சேர்ந்து எதிர்த்தனர், முயற்சி கைவிடப்பட்டது. தமிழ் மொழியின் வரலாறு என்னும் நூலில் தமிழை உயர்தனிச் செம்மொழி என்று நிறுவினார். நடுவணரசு அதை ஏற்றது 2004-இல்!

1903 நவம்பர் 2-ஆம் நாள் காசநோய் அவரைக் கொண்டு சென்றது. மில்லருக்கு அப்போது அறுபத்தைந்து வயது; தம் மாணவரின் மறைவு கண்டு பெரிதும் வருந்தினார். தாம்பரத்தை விட்டதும் என் ரயில் நிற்கும் முதல் நிலையம் தாம்பரம் சானடோரியம். காசநோயாளிகளுக்காக அம்மருத்துவமனை தோன்றியது 1928-இல். அந்நோய்க்குரிய ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து கண்டறியப்பட்டது 1943-இல். இரண்டுமே அவருக்குக் காலம் கடந்து வந்தவை. என் பாடம் ஓர் உயிரைக் காக்க வல்லது என்பதை அந்த நிலையம்தான் எனக்கு நாள்தோறும் சொல்கிறது.

நண்பர்களே, வேதியியலை எடுத்ததற்காக நான் இப்போது வருந்தவில்லை. சென்ற மாதம் ஒரு மாலையில், கட்டிய சுவருக்கு நாள்தோறும் ஏன் தண்ணீர் விட வேண்டும் என்பதை அப்பாவுக்குத் தமிழில் விளக்கினேன். சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை, நீரோடு வினை புரிந்தே இறுகுகிறது என்றேன். முப்பது ஆண்டுகளாகத் தண்ணீர் விட்டவர், காரணத்தை அன்றுதான் கேட்டார். மறுபடியும் சொல்லச் சொன்னார். கற்றதைத் தாய்மொழியில் கொண்டுவந்து தருவதும் தமிழ்த்தொண்டு என்றால், பரிதிமாற் கலைஞரின் மாணவர் வரிசையில் கடைசி இடத்தில் எனக்கும் ஒரு மூலை கிடைக்கும் என்று நம்புகிறேன்.