எமில் பிஷர்

நாம் நாடோறும் உண்ணும் பருப்பிலும் பாலிலும் புரதம் என்னும் பொருள் உண்டென்பதைச் சிறுவரும் அறிவர். அதன் அமைப்பை ஆராய்ந்து உலகிற்கு உணர்த்திய பேரறிஞருள் ஒருவர் எமில் பிஷர். அவர் சரிதையை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

இவர் 1852-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 9-ஆம் நாள் ஜெர்மனியில் பிறந்தார். வணிகரான தந்தையார் மகனும் வணிகனாதல் வேண்டுமென விரும்பினார். மைந்தர் மனமோ அதில் தோயவில்லை. ஈற்றில் தந்தையார் இசையவே, பான் நகரிலும் ஸ்டிராஸ்பர்க்கிலும் பயின்று, பேயர் என்னும் ஆசிரியரிடம் 1874-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

மறுவருடம் பினைல்ஹைட்ரசீன் என்னும் பொருளைக் கண்டறிந்தார். அதன் துணையால் சர்க்கரை வகைகளின் அமைப்பை விளக்கினார். சர்க்கரை, ப்யூரின் ஆராய்ச்சிகளுக்காக 1902-இல் நோபெல் பரிசு பெற்றார். ஆயினும் அப்பொருளின் நஞ்சு அவருடலை நெடுங்காலம் வருத்திற்று. புகழ் தந்ததுவே பிணியும் தந்தது.

பின்னர்ப் புரதத்தை ஆராயப் புகுந்தார். புரதம் அமினோ அமிலங்கள் பல கோத்த மாலையாம். ஓரமிலத்தின் கார்பாக்சில் தொகுதியும் அடுத்ததன் அமினோ தொகுதியும் கூடுங்கால் நீர் மூலக்கூறு ஒன்று நீங்குகின்றது. மரம், வேர் என்பன புணருங்கால் மகரமெய் கெட்டு மரவேர் என்றாதல் போல்வதிது. இப்பிணைப்புடைய பொருள்களுக்குப் பெப்டைடு எனப் பெயரிட்டார். 1907-இல் கிளைசீன் 15-ம் லூசீன் 3-ம் ஆக 18 அமிலங்களைத் தம் கையாலேயே கோத்துக் காட்டினார்.

எனினும் இயற்கைப் புரதத்தில் அவ்வமிலங்கள் நிற்கும் முறை யாது? எழுத்துக்கள் அவையே யாயினும் முறை மாறின் சொல் வேறாதல்போல, அமிலங்களின் முறை மாறின் புரதமும் வேறாம். அம்முறையை அறியும் வழி அவர் காலத்தில் இல்லை.

இல்வாழ்விலும் துயர் பல உற்றார். 1895-இல் மனைவியாரை இழந்தார். மைந்தர் மூவருள் இருவரை முதல் உலகப்போர்க் காலத்தில் இழந்தார். 1919-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 15-ஆம் நாள் பெர்லினில் காலமானார்.

1955-இல் சாங்கர் என்னும் ஆங்கில அறிஞர் இன்சுலினின் 51 அமிலங்களும் நிற்கும் முறையை முற்றும் கண்டு முடித்தார். பிஷர் விதைத்தார், அறுவடையைக் கண்டாரல்லர். முடிவு காணாத உழைப்பும் வீணாவதில்லை என்பதை மாணவராகிய நாம் இச்சரிதையால் உணர்வோமாக.