வில்கெல்ம் கெசேனியஸ்: எபிரேய அகராதியியலாளரின் வாழ்வும் பணியும்

எபிரேய விவிலியத்தை மூலமொழியில் பயில்வோர் இன்று கையாளும் அகராதிகளுள் பல, வில்கெல்ம் கெசேனியஸின் வழிவந்தவை. 1786 பிப்ரவரி 3இல் செருமனியின் நோர்ட்கவுசன் நகரில் பிறந்த இவர், ஹெல்ம்ஸ்டெட், கோட்டிங்கன் பல்கலைக்கழகங்களில் பயின்றார். 1810இல் ஹாலே பல்கலைக்கழகத்தில் இறையியல் பேராசிரியராகச் சேர்ந்து, 1842 அக்டோபர் 23இல் மறையும்வரை அங்கேயே பணியாற்றினார். தரங்கம்பாடிக்குச் சமயப் பணியாளர் பலரை அனுப்பிய ஹாலே நகரமே இது.

1810-1812இல் அவரது எபிரேய-செருமானிய அகராதி இரு தொகுதிகளாக வெளிவந்தது. முதல் தொகுதி வந்தபோது அவருக்கு வயது 24. முன்னைய அகராதிகள் பல சொற்களை வேர்களின்கீழ் அடுக்கின. எபிரேய வினைகள் பலவற்றில் வேரெழுத்துக் கெடுவதுண்டு. ஆகவே வேரை அறியாத மாணவன் சொல்லைக் கண்டடைய இயலாது. கெசேனியஸ் சொற்களை அகரநிரலில் வைத்தார். பின்னர் 1829இல் வெளிவரத் தொடங்கிய இலத்தீன் சொற்களஞ்சியத்தில் அவரே வேர்வழி அடுக்கை மேற்கொண்டார். இதனை முரண்பாடு எனக் கொள்வதற்கில்லை. முன்னது கற்போனுக்கும் பின்னது ஆய்வாளனுக்கும் உரியது.

எபிரேயத்தைப் புனித மொழியெனத் தனித்து நிறுத்தாமல், அரபு, சிரியாக், எத்தியோப்பியம் முதலிய இனமொழிகளோடு ஒருங்குவைத்துப் பொருள் கண்டமையே அவரது பெருஞ்சாதனை. இம்முறைக்கு அவர் கொடுத்த விலையும் சிறிதன்று. ஏசாயா நூலில் வரும் ‘அல்மா’ என்னும் சொல்லுக்குக் கன்னி என்னும் மரபுப்பொருளை விடுத்து, மணப்பருவம் எய்திய இளம்பெண் என்று அவர் பொருளுரைத்தார். 1830இல் பகுத்தறிவுவாதம் போதிக்கிறார் என்னும் குற்றச்சாட்டு எழுந்தது. அவரது வகுப்பில் மாணவர் எடுத்த குறிப்புகளே சான்றாகக் காட்டப்பட்டன. எனினும் பதவி பறிபோகவில்லை. அவர் மறைந்தபின் அகராதியை ஆங்கிலத்தில் பெயர்த்த திரெகெல்ஸ், தாம் உடன்படாத இடங்களில் அடைப்புக்குறிக்குள் மறுப்புகளைச் சேர்த்தார். ஓர் அகராதியின் பக்கத்திலேயே ஆசிரியரும் மொழிபெயர்ப்பாளரும் வாதிடும் காட்சி அரிது. பதிவுகளை நீக்காமல் மறுப்பை மட்டும் சேர்த்த அவரது நேர்மையும் குறிக்கத்தக்கது.

தமிழாய்வாளருக்கு நெருக்கமான பதிவு ஒன்று உண்டு. சாலொமோனின் கப்பல்கள் கொணர்ந்த பொருள்களுள் ஒன்றான ‘துக்கி’ என்பதை மயில் எனக் கொண்டு, கெசேனியஸ் அதனை மலபார் வழக்கிலுள்ள ‘தோகை’ என்னும் சொல்லோடு ஒப்பிட்டார். கால்டுவெல்லும் இவ்வொப்புமையை எடுத்துரைத்தார். பின்வந்தோருள் சிலர் அச்சொல்லை எகிப்திய மொழியோடு இணைத்துக் குரங்கு எனப் பொருள் கொண்டனர். ஆதலின் இதனை ஐயமற்ற தமிழ்ச்சொல்லாக எடுத்தாளும் நம் கட்டுரைகள் இம்மாற்றுக் கருத்தையும் சுட்டுதல் வேண்டும்.

கெசேனியஸ் முடிக்காது விட்ட சொற்களஞ்சியத்தை மாணவர் எமில் ரோடிகர் தொடர, அது 1858இல் நிறைவுற்றது. எட்வர்ட் ராபின்சனின் 1836ஆம் ஆண்டு ஆங்கிலப் பெயர்ப்பை அடித்தளமாகக் கொண்டு பிரவுன், டிரைவர், பிரிக்ஸ் மூவரும் 1906இல் தம் அகராதியை நிறைவுசெய்தனர். செருமானிய அகராதியின் 18ஆம் பதிப்பு 1987 முதல் 2010 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. அதன் முகப்பிலும் கெசேனியஸின் பெயரே உள்ளது.