நட்சத்திரங்களின் முடிவைக் கணக்கிட்ட சந்திரசேகர்

சித்திரைப் புத்தாண்டு எண்டால் சூரியன் மேட இராசிக்குள் நுழைகிற நாள். அந்தச் சூரியனுக்கும் ஒருநாள் முடிவு உண்டு. நட்சத்திரங்கள் எப்படி முடியும் எண்டு கணக்குப் போட்டுக் காட்டியவர் ஒரு தமிழர்.

சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910 ஒக்டோபர் 19இல் லாகூரில் பிறந்தார். தகப்பனாருக்கு றெயில்வேயில் கணக்கு உத்தியோகம். சேர் சி. வி. இராமன் சித்தப்பா முறை. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1930இல், பத்தொன்பது வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். கப்பலிலேயே கணக்கைத் தொடங்கிவிட்டார்.

எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் வெளிப்பக்க வாயுவை உதறிவிட்டு, சுருங்கி வெண்குள்ளனாகும். ஆனால் மிஞ்சும் திணிவு சூரியனைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கைத் தாண்டினால் அது அப்படி நிற்க முடியாது. இதுதான் அவர் கண்ட எல்லை. சூரியனைப்போல் எட்டு மடங்குக்கு மேற்பட்ட பெரிய நட்சத்திரங்கள் தங்கள் வாயுவைக் காற்றாக வீசி எவ்வளவோ இழக்கும். ஆனாலும் அவற்றின் நடுவில் சேரும் இரும்புக் கரு அந்த எல்லையை எட்டியதும் ஒரு செக்கனுக்குள் இடிந்து விழும். பெரும்பாலும் வெளிப்பகுதி சுப்பர்நோவாவாக வெடித்துச் சிதறும். மிஞ்சுவது நியூத்திரன் நட்சத்திரம், இல்லாவிட்டால் கருந்துளை.

1935 ஜனவரி 11இல் லண்டன் வானியல் சங்கத்தில் இவர் தன் முடிவைச் சொன்னார். அடுத்துப் பேசிய பெரும் விஞ்ஞானி எடிங்டன் அதைக் கேலி பண்ண, சபை சிரித்தது. இவர் சொல்வதே சரியெண்டு தனியே சொன்ன பெரியவர்கள் வெளியில் வாய் திறக்கவில்லை. ஊரைவிட்டு வந்த 24 வயதுப் பிள்ளை. அந்தத் தனிமை எங்களுக்கு விளங்கும்.

1937இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1939 யூலையில் எங்கள் பாரிசுக்கே வந்தார். கார் து நோரில் 4ஆம் இலக்க மெத்ரோ எடுத்து, சென் மிஷலில் இறங்கி நடந்தால் வரும் கொலேஜ் து பிரான்சில் வெண்குள்ளன்கள் பற்றிய மாநாடு. அந்த நாட்களில் எடிங்டன் இவரிடம் வந்து, மனதை நோகப் பண்ணியிருந்தால் வருந்துவதாகச் சொன்னார். கருத்து மாறிவிட்டதா எண்டு இவர் கேட்டார். இல்லையாம். அப்படியெண்டால் எதற்கு வருத்தம் எண்டு கேட்டுவிட்டு இவர் போய்விட்டார். அதுவே கடைசிச் சந்திப்பு. எடிங்டன் 1944இல் காலமானார். அப்படி நடந்துகொண்டதற்காகப் பின்னாளில் இவரே வருந்தினார்; எடிங்டனின் பெருமையைச் சொல்லும் புத்தகமும் எழுதினார்.

1983இல் நோபல் பரிசு கிடைத்தது. சபை சிரித்து 48 வருசம்! 1995 ஓகஸ்ட் 21இல் சிக்காகோவில் காலமானார். 1999இல் விண்ணுக்கு ஏறிய எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்கு அவர் பெயரால் சந்திரா எண்டு பெயர் வைத்தார்கள்; வெடித்த நட்சத்திரங்களின் மிச்சங்களை அது படம் பிடித்தது.

வகுப்பில் எங்கள் பிள்ளையின் பதிலுக்கு மற்றவர்கள் சிரித்தால், இந்தக் கதையை ஒருக்காச் சொல்லிவிடுங்கோ. அனைவருக்கும் புத்தாண்டு வாழ்த்துக்கள்.