தூணை வெளியே கொண்டுபோன பஸ்லுர் ரஹ்மான் கான்

வாவிக்கரையை அண்டிய எங்கள் ஊரில் ஒரு பொது மண்டபம் இருக்கிறது. மீலாத் விழா, பரிசளிப்பு, கல்யாணம் எல்லாம் அங்கேதான் நடக்கும். மண்டபத்தின் நடுவில் இரண்டு வரிசைத் தூண்கள் நிற்கின்றன. பெண்களின் இடம் எப்போதும் பின்பக்கம் என்பதால், எந்த விழாவுக்குப் போனாலும் எனக்குக் கிடைப்பது ஒரு தூணின் மறைவுதான். என் தம்பி கிராஅத் போட்டியில் பரிசு வாங்கியதைக்கூட நான் கழுத்தை நீட்டி நீட்டித்தான் பார்த்தேன்.

என் வாப்பா மேசன் வேலை செய்கிறார். இந்தத் தூண்களை எடுத்துவிட முடியாதா என்று ஒருநாள் அவரிடம் கேட்டேன். தூணை எடுத்தால் கூரையை யார் தாங்குவது என்று அவர் திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடப்போய்த்தான், அதையே வாழ்நாள் முழுவதும் தன் தொழிலாகச் செய்த ஒருவரைப் பற்றி அறிந்துகொண்டேன். அவர்தான் பஸ்லுர் ரஹ்மான் கான்.

அவர் 1929 ஏப்ரல் 3ஆம் திகதி டாக்காவில் பிறந்தார். தந்தை அப்துர் ரஹ்மான் கான் கணித ஆசிரியர், பாடநூல்களும் எழுதியவர். மகன் கல்கத்தாவுக்கு அருகிலுள்ள சிப்பூரில் வங்காளப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தார். படிப்பு முடியும் தறுவாயில், 1950இல் அங்கே இனக்கலவரம் மூண்டது. அவர் டாக்காவுக்குத் திரும்ப நேர்ந்தது. அங்கே அஹ்ஸனுல்லாஹ் பொறியியல் கல்லூரியில் படிப்பை நிறைவு செய்து முதலிடம் பெற்றார். கலவரத்தால் படிப்புக் குழம்பிய கதைகள் எங்கள் மாவட்டத்தில் எல்லா வீட்டிலும் இருப்பதால், அவருடைய வாழ்க்கையில் இந்தப் பகுதியை நான் இரண்டு தடவை வாசித்தேன்.

1952இல் புலமைப்பரிசில் பெற்று அமெரிக்காவின் இல்லினோய் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். மூன்றே வருடங்களில் இரண்டு முதுமாணிப் பட்டங்களையும் ஒரு கலாநிதிப் பட்டத்தையும் பெற்றார். 1955இல் சிக்காகோ நகரில் ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் அன்ட் மெரில் என்ற நிறுவனத்தில் சேர்ந்தார். இடையில் நாடு திரும்பிக் கராச்சி அபிவிருத்தி அதிகார சபையில் பணியாற்றினார். அங்கே நிர்வாக வேலைகளே நேரத்தை விழுங்கின. வடிவமைக்க வாய்ப்புக் கிடைக்கவில்லை. 1960இல் மீண்டும் சிக்காகோவுக்கே போனார்.

உயர்ந்த கட்டடத்துக்குப் பெரிய சோதனை அதன் பாரம் அல்ல, காற்று. கட்டடம் உயர உயர, காற்று அதைப் பக்கவாட்டில் வளைக்கப் பார்க்கும். அக்காலத்தில் அதைத் தடுப்பதற்கு உள்ளே தூண்களையும் வளைகளையும் நெருக்கமாக நிறுத்தினார்கள். இதனால் உருக்கின் செலவு மாடிக்கு மாடி ஏறிக்கொண்டே போனது. கான் வேறு விதமாகச் சிந்தித்தார். மூங்கில் உள்ளே வெறுமையாக இருந்தும் காற்றில் முறிவதில்லை. அதன் பலம் வெளிச்சுவரில் இருக்கிறது. அதேபோல் தூண்களைக் கட்டடத்தின் வெளிவிளிம்புக்குக் கொண்டுபோய், நெருக்கமாக நிறுத்தி, ஒன்றோடொன்று இறுகப் பிணைத்தால் முழுக் கட்டடமுமே ஒரு குழாயாகிவிடும். சிக்காகோவில் 43 மாடிக் குடியிருப்பொன்றில் அவர் முதலில் இதைச் செய்து காட்டினார்.

அடுத்ததாகக் கட்டடக் கலைஞர் புரூஸ் கிரஹாமுடன் சேர்ந்து ஜோன் ஹன்கொக் சென்டரை உருவாக்கினார். 1969இல் நிறைவுற்ற 100 மாடிக் கட்டடம் அது. வீட்டுப் படலை தொங்கிப்போகாமல் இருக்கக் குறுக்கே ஒரு தடி அடிப்பார்கள் அல்லவா? அதுபோலக் கட்டடத்தின் நான்கு முகங்களிலும் பிரமாண்டமான குறுக்குச் சட்டங்களை அமைத்தார். 1931இல் எழுந்த எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு ஒரு சதுர அடிக்கு ஏறத்தாழ 42 இறாத்தல் உருக்குத் தேவைப்பட்டது. ஹன்கொக்குக்கு ஏறத்தாழ 30 இறாத்தலே போதுமானதாக இருந்தது. அந்த ஒரே கட்டடத்தில் கடைகள், காரியாலயங்கள், வீடுகள் எல்லாம் இருக்கின்றன. 44ஆவது மாடியில் ஒரு நீச்சல் தடாகமும் உண்டு.

அதன் பிறகு 1973இல் சியர்ஸ் கோபுரம் தன் முழு உயரத்தை எட்டியது. 110 மாடிகள், 442 மீற்றர். ஓர் ஈர்க்கு வளையும்; ஈர்க்குக் கட்டு வளையாது. கான் ஒன்பது சதுரக் குழாய்களை ஒரு கட்டாகச் சேர்த்து அதை நிறுத்தினார். மற்றக் குழாய்கள் வெவ்வேறு உயரங்களில் நின்றுவிட, இரண்டு மட்டும் உச்சி வரை செல்கின்றன. 1998 வரை உலகின் மிக உயர்ந்த கட்டடம் அதுவே.

இவ்வளவு புகழ் வந்த பிறகும் அவர் பிறந்த மண்ணை மறக்கவில்லை. 1971இல் பங்களாதேஷ் விடுதலைப் போர் நடந்தபோது, சிக்காகோவில் வாழ்ந்த வங்காளிகளை ஒன்றுசேர்த்து அமைப்புகளைத் தொடங்கினார். பாதிக்கப்பட்ட மக்களுக்காக நிதி திரட்டினார்.

ஆனால் என் மனதைத் தொட்டது அவருடைய கோபுரங்களை விட ஒரு கூடாரம்தான். என் உம்மம்மா ஹஜ்ஜுக்குப் போய் வந்த கதையை அடிக்கடி சொல்வார். அதில் ஜித்தாவில் இறங்கி, சோதனைகள் முடிந்து, பஸ்ஸுக்காகக் காத்திருந்த இடம் கட்டாயம் வரும். தலைக்கு மேல் வெள்ளை வெள்ளையாகக் கூடாரங்கள். சுவரே இல்லை. பல நாட்டு மக்கள் பைகளைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார்களாம். அந்த வெயிலிலும் அங்கே உட்கார முடிந்தது என்பார். அது யார் கட்டியது என்று உம்மம்மாவும் அறியவில்லை, நானும் அறிந்திருக்கவில்லை.

அது 1981இல் பாவனைக்கு வந்த ஹஜ் முனையம். கானும் அவருடைய குழுவினரும் வடிவமைத்தது. மொத்தம் 210 கூடாரங்கள். ஒவ்வொன்றும் 45 மீற்றருக்கு 45 மீற்றர். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 105 ஏக்கர் நிழல். துணி கண்ணாடி நாரால் நெய்யப்பட்டு டெப்லோன் பூசப்பட்டது. அது வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். கூடாரத்தின் உச்சியில் ஒரு திறந்த வளையம் இருக்கிறது. சூடான காற்று மேலெழுந்து அதன் வழியாக வெளியேற, பக்கங்களிலிருந்து புதுக்காற்று உள்ளே வரும். ஒவ்வொரு கூடாரமும் 45 மீற்றர் உயரமான உருக்குக் கம்பங்களிலிருந்து கம்பிவடங்களால் தொங்குகிறது. அதனால் கூடாரத்தின் நடுவில் தூணே இல்லை!

துணி காற்றில் பறந்துவிடாதா என்று வாப்பா கேட்டார். அவர் அப்படிக் கேட்டதில் நியாயம் உண்டு. 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் தகரங்கள் பறந்ததை உம்மம்மா கண்ணால் கண்டவர். காற்று கூரையைக் கீழே அழுத்துவதை விட மேலே உறிஞ்சுவதே அதிகம். ஆகவே கூரையைத் தாங்கினால் மட்டும் போதாது, பிடித்தும் வைக்க வேண்டும். ஜித்தாவில் துணியை எல்லாப் பக்கமும் விறைப்பாக இழுத்து இதைச் செய்திருக்கிறார்கள்.

1982 மார்ச் 27ஆம் திகதி அதே ஜித்தா நகரில் கான் மாரடைப்பால் காலமானார். 53 வயதை அடைய ஒரு வாரம் இருந்தது. அவர் பங்களித்த மினியாபோலிஸ் விளையாட்டரங்கு, அவருடைய பிறந்த தினமான ஏப்ரல் 3ஆம் திகதிதான் திறக்கப்பட்டது. காற்றை ஊதியே கூரையை உயர்த்தி வைத்திருந்த அரங்கு அது. 2010இல் பனியின் பாரத்தால் அந்தக் கூரை கிழிந்து விழுந்தது. ஹஜ் முனையமோ இன்றும் ஹாஜிகளுக்கு நிழல் தருகிறது. 1983இல் அதற்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. பங்களாதேஷ் அரசு 1999இல் தன் அதியுயர் விருதை அவருக்கு அளித்தது.

இந்த விபரங்களை உம்மம்மாவுக்குச் சொன்னேன். அன்று இஷாவுக்குப் பிறகு அவருடைய துஆ வழமையை விட நீண்டது. டாக்காவில் பிறந்த அந்த மனிதருக்கும் அதில் ஓர் இடம் கிடைத்தது.

கானுடைய மகள் யாஸ்மினும் ஒரு கட்டமைப்புப் பொறியியலாளர். தந்தையின் பணிகளைப் பற்றி 2004இல் ஒரு நூல் எழுதினார். இதை நான் வீட்டில் வேண்டுமென்றே உரத்துச் சொன்னேன். ஏனென்றால் நான் கணிதப் பிரிவில் படிக்கிறேன். பொறியியல் பீடத்துக்குப் போக விரும்புகிறேன். பெண்பிள்ளைக்குக் கட்டட வேலை எதற்கு, ஆசிரியையாக வந்தால் போதாதா என்று மாமா வாப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். உம்மாவுக்கும் உள்ளூர அதே எண்ணம்தான். வாப்பா ஒன்றும் பேசவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பின்னேரம் வாப்பா அளவுநாடாவை எடுத்துக்கொண்டு என்னையும் மண்டபத்துக்கு வரச் சொன்னார். ஒரு முனையை அவர் பிடித்தார். மறுமுனையை நான் பிடித்தேன். அகலம் 36 அடி. இரண்டு வரிசைத் தூண்கள் அதை 12 அடியாகப் பிரிக்கின்றன. தூண்களை எடுத்தால் வளையின் நீளம் மூன்று மடங்காகும். அப்போது அதே பாரத்துக்கு அதை வளைக்கும் தாக்கம் மூன்று மடங்கல்ல, ஒன்பது மடங்கு என்று கொப்பியில் கணக்குப் போட்டுக் காட்டினேன். வாப்பா நெடுநேரம் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, அவ்வளவு கனமான வளை போட ஊரில் காசில்லை, வேறு வழி உண்டா என்று கேட்டார். முக்கோணங்களாக இணைத்த இரும்புச் சட்டகம் போடலாம், எவ்வளவு இரும்பு தேவை என்று இன்னும் கணக்குப் பார்க்கவில்லை என்றேன்.

பார்த்துச் சொல்லுமாறு சொல்லியிருக்கிறார்.

உயர்தரம், கணிதப் பிரிவு